இரண்டாம் முறை கேட்ட காது

பொறாமை கெட்ட குணம் என்று உங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும்தான் சொன்னார்கள். சாத்தான்குளத்தில் எங்கள் கோயில் ஓய்வுநாள் பள்ளியில் அதற்கென்று ஒரு பாட்டே இருந்தது, கைதட்டிப் பாடியிருக்கிறேன். இருந்தாலும், வேதாகம மொழிபெயர்ப்பு வேலையில் தலை நரைத்து ஓய்வும் பெற்றுவிட்டவள் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, யார்மீதும் பொறாமையே இல்லை என்று சொல்பவரை மட்டும் எடுக்காதீர்கள். ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது தூங்குகிறார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த வேலையின் அனுபவத்தை எழுதித்தரச் சொன்னார்கள். அகராதியை எப்படிப் பார்ப்பது, வரைவை எப்படித் திருத்துவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவற்றை அலுவலகத்திலேயே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு சொல்லைப் பற்றியும் ஒரு பெண்ணைப் பற்றியும். அந்தச் சொல்லின்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அந்தப் பெண்மேல் எனக்கு என்ன இருந்தது என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் சொல். தானியேல் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா ஒரு கனவு காண்கிறான், தூக்கம் போய்விடுகிறது. அரசவை ஞானிகளைக் கூப்பிடுகிறான். அதுவரை எபிரேய மொழியில் போய்க்கொண்டிருந்த புத்தகம், அந்த ஞானிகள் வாயைத் திறக்கிற இடத்தில் அரமேய மொழிக்கு மாறுகிறது. ராஜா என்றும் வாழ்க என்று அவர்கள் வாழ்த்துகிறார்கள். கனவைச் சொல்லுங்கள், பலனை நாங்கள் சொல்கிறோம் என்கிறார்கள். ராஜா மறுக்கிறான். கனவையும் நீங்களே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் துண்டு துண்டாக வெட்டிப்போடுவேன், வீடுகளை இடித்துக் குப்பைமேடாக்குவேன், சொன்னால் பரிசு தருவேன் என்கிறான். அதற்குப் பிறகு ஞானிகள் மறுபடியும் பேசுகிறார்கள். அந்த இடத்தில்தான் ‘தின்யானூத்’ என்ற சொல் வருகிறது. இரண்டாம் முறையாக என்று பொருள். வேதாகமம் முழுவதிலும் இந்த வடிவத்தில் அது ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதன் உறவுக்காரச் சொல் ஒன்று அதே புத்தகத்தில் பின்னால், கடலிலிருந்து எழுந்துவரும் இரண்டாவது மிருகத்தைச் சொல்லும்போது வரும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் குறிக்கப் பிற்காலத்தில் வழங்கிய பெயரும் இதே வேரில் கிளைத்ததுதான்.

அந்த இரண்டாம் முறை அவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். அதே பதில்தான். ராஜா கனவைச் சொல்லட்டும், பலனை நாங்கள் சொல்கிறோம். ஆனால் இந்த முறை ‘வாழ்க’ இல்லை. கத்தியை நீட்டிய பிறகு வாழ்த்துவதற்கு நாக்கு எழவில்லை போலும். புதிய சமாதானம் ஒன்றையும் சேர்க்கவும் இல்லை. கத்தி வருவதற்கு முன் சொன்னதைக் கத்தி வந்த பிறகும் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்கள் நல்லவர்களா, ஏமாற்றுக்காரர்களா என்பது வேறு விஷயம். இந்த ஓர் இடத்துக்காக அவர்களை எனக்குப் பிடிக்கும்.

இனி அந்தப் பெண். அவர் என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும், கை வரவில்லை. என்னைவிட வயதில் இளையவள், புன்னைக்காயல்காரி, கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் அலுவலகம் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கம் என்று இரண்டு சபைக்காரர்களும் சேர்ந்து நடத்தியது. கடற்கரை மக்கள் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எளிய தமிழில் வேதத்தை ஒலிப்பதிவு செய்து, போனில் போட்டுக் கேட்கிற மெமரி கார்டுகளாகக் கொடுப்பது எங்கள் வேலை. நான் ராஜா என்பேன், அவள் அரசர் என்பாள். நான் ஜெபம் என்பேன், அவள் செபம் என்பாள். இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. பேசித் தீர்க்க முடியாதது அவளுடைய காது.

நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, எபிரேயமும் அரமேயமும் ஆண்டுக்கணக்கில் முட்டிமோதிப் படித்தவள். அவள் பெங்களூரில் படித்தாள், சிரித்துக்கொண்டே படித்திருப்பாள். ஒரு வாக்கியத்தை நான் பத்து விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை சொல்வாள். அதுவே சரியாக இருக்கும். ஊர்களில் வரைவை வாசித்துக் காட்டப் போனால், எனக்கு ‘நல்லாருந்துச்சு டீச்சர்’ என்ற ஒரு வரி கிடைக்கும். அவள் வாசித்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், அழுவார்கள், குறுக்கே பேசுவார்கள், கடைசியில் ஒரு பை நிறைய சாளை மீனும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த மீனில் பாதியை எனக்குத் தருவாள். நான் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டும் இருக்கிறேன். ஒவ்வொரு வாயும் எரிந்தது, காரத்தால் அல்ல.

எங்கள் அலுவலகத் தலைவர் ஓய்வுபெற்ற குருவானவர், நல்ல மனிதர். அவள் வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘அது வரம்மா’ என்பார். என் வேலையைப் பற்றிப் பேசும்போது ‘உழைப்பு’ என்பார். வரத்துக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டு எத்தனை நாள் பேருந்தில் ஊர் திரும்பியிருக்கிறேன் தெரியுமா?

அந்தச் சமயம் பழைய ஏற்பாட்டுப் பகுதிக்குப் பொறுப்பாளர் இடம் காலியாக இருந்தது. மூப்புப்படி எனக்கு வர வேண்டியது. தானியேல் வெளியீடு முடிந்ததும் யார் என்று அறிவிப்பதாகத் தலைவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, தானியேலின் கடைசித் திருத்தத்தை அவள் கையில் கொடுத்தார். அதன் முதல் வரைவு முழுக்க என்னுடையது.

கடைசித் திருத்தத்தில் அவள் ‘இரண்டாம் முறை’யை எடுத்துவிட்டாள்.

கூட்டத்தில் நான் சண்டை போட்டேன். மூலத்தில் இருக்கிற சொல்லை விட நமக்கு என்ன அதிகாரம் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“அக்கா, கேக்கவங்களுக்குக் காது இல்லையா? இப்பந்தான ஒருக்கா சொன்னானுவ. இப்ப திரும்பச் சொல்லுதானுவ. அது ரெண்டாவது தடவன்னு நாம வேற எடுத்துச் சொல்லணுமாக்கும்? எங்க ஊர்ல கத சொன்னா அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க.”

“உங்க ஊர்ல யாரும் அரமேயமும் பேச மாட்டாங்க.”

“அதுக்குத்தான தமிழ்ல போடுதோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சொல் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பதிவு எப்படி நடந்தது என்று சொன்னால்தான் இனி வருவது புரியும். அப்போது அலுவலகம் துறைமுகம் போகிற சாலையில் ஒரு மாடியில் இருந்தது. சுவருக்குச் சாக்கும் பஞ்சும் அடித்து ஓர் அறையைப் பதிவறையாக்கியிருந்தோம். ஆனால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் எந்தப் பஞ்சும் நிற்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். லாரிச் சத்தம் விழுந்தால் வாசிப்பவர் நிறுத்தி, அந்தப் பேச்சு தொடங்குகிற இடத்துக்குப் போய் மறுபடியும் வாசிப்பார். பிறகு ஒலியை வெட்டி ஒட்டுகிற அண்ணாச்சி, ஒரே வாக்கியம் திரும்ப வருகிற இடத்தைப் பிடித்து, முன்னால் வாசித்ததைத் தூக்கிவிட்டுப் பின்னால் வாசித்ததை வைத்துக்கொள்வார். அவர் உடன்குடிக்காரர், கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கும் மைக் செட் போடுபவர், முருக பக்தர். வேலையில் கெட்டிக்காரர். தானியேல் கதை அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வெட்டி ஒட்டி முடித்த பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் எழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். மற்றவர் எழுத்தைப் பார்க்காமல், ஊர்க்காரர்கள் கேட்பதுபோல் கேட்பார். தானியேலுக்கு வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகி, விருந்தினர்களிடம் தேதியும் வாங்கியாயிற்று. அவள் எழுத்தைப் பார்க்காமல் ஒரு தடவை கேட்டுவிட்டு, “அருமையா இருக்கு” என்றாள். தலைவர், அவள் காதே போதும், இன்னொரு தடவை எதற்கு என்று சொல்லிவிட்டார்.

எனக்கு யாரும் கேட்கச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே கேட்டேன். பதிவை என் போனில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு, காதில் மாட்டிக்கொண்டேன். தெய்வ பக்தியோடு கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றம் கண்டுபிடிப்பது ஒன்றுதான் நோக்கம். முதல் அதிகாரத்திலேயே இரண்டு மூன்று கிடைத்தன. ஓர் இடத்தில் வாசிப்பவர் மூச்சு வாங்குகிறார், ஓர் இடத்தில் ஒரு பெயரை இழுக்கிறார். சின்னச் சின்னக் குற்றம்தான், ஆனாலும் வாய்க்கு ருசியாக இருந்தது.

இரண்டாம் அதிகாரம் வந்தது. ராஜா கனவு கண்டேன் என்கிறான். ஞானிகள், ராஜா கனவைச் சொல்லட்டும் என்கிறார்கள். உடனே ராஜா, காலம் கடத்தப் பார்க்கிறீர்கள் என்று சீறுகிறான்.

எனக்கு முதலில் உறைத்தது ‘வாழ்க’ இல்லை என்பது. அரசவையில் நிற்கிறவன் வாழ்த்தாமல் வாயைத் திறப்பானா? எளிய தமிழ் எளிய தமிழ் என்று வாழ்த்தையும் வெட்டிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தை எடுத்துவைத்து மறுபடி போட்டுக் கேட்டேன். வாழ்த்து மட்டும் அல்ல. ஞானிகளின் முதல் பதில் இல்லை. வெட்டிப்போடுவேன் என்ற மிரட்டல் இல்லை. வீட்டை இடிப்பேன் இல்லை, பரிசு இல்லை. ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. அதிலும் ஒட்டு தெரியவே இல்லை. கதை வழுக்கிக்கொண்டு போகிறது. கேட்பவருக்கு ராஜா ஒரு பைத்தியக்காரனாகத் தெரிவான். பணிவாக ஒரு தடவை கேட்டதற்கே உயிரை எடுக்கப் பார்க்கிறானே என்று நினைப்பார்கள். ஞானிகள் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

எப்படி நடந்தது என்பதும் விளங்கிவிட்டது. பின்னணியில் எங்கேயோ ஒரு லாரிச் சத்தம் விழுந்திருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து, ஏற்கனவே சொன்ன வாக்கியமே திரும்ப வருகிறது, ‘இரண்டாம் முறை’ என்ற அடையாளம் இல்லாமல். அண்ணாச்சி வழக்கப்படி முன்னால் உள்ளதைத் தூக்கிவிட்டார்.

நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எங்கள் மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் வேதத்தை வரிவரியாக அறிந்த வாத்தியார்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே ஒருவர் கண்டுபிடித்துக் கடிதம் போடுவார். ‘அந்த அம்மா காது’ என்று ஊரே பேசும். பொறுப்பாளர் இடம் தானாக என் மடியில் விழும்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. அதை இறக்கிவைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். அன்பினாலா என்றால் இல்லை. அது என் அதிகாரம். அந்த மிரட்டலுக்குச் சொல் தேடி நான் எவ்வளவோ அலைந்திருக்கிறேன். அவள் பெயர் கெடுவதற்காக என் வாக்கியங்கள் குப்பைக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள்மேல் இருந்த எரிச்சலைவிட அந்தப் பக்கத்தின்மேல் இருந்த பிடிவாதம் ஒரு பங்கு அதிகம், அவ்வளவுதான்.

தலைவர் அறையில் நான்கைந்து பேர் வெளியீட்டு ஏற்பாடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“ஐயா, இரண்டாம் அதிகாரத்துல ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போயிட்டு. ராஜா மிரட்டுற இடம் இல்ல. இப்படியே கொடுக்கக் கூடாது.”

ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உக்காருங்க டீச்சர். அவங்க கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே.”

“அவங்க எழுத்தப் பாக்காம கேட்டாங்க.”

“உங்க மனசு எனக்குத் தெரியும் டீச்சர்.” மிகவும் அன்பாகச் சொன்னார். அதுதான் குத்தியது. “உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல உள்ளதும் எல்லாருக்கும் தெரியும். நாளைக் கழிச்சு நிகழ்ச்சி. வாரவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. இத நிறுத்தினா, நீங்க ஏன் நிறுத்தினீங்கன்னுதான் நாலு பேரு பேசுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாவே கொடுக்கக் கூடாதா?”

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இந்த நொடியைப் பற்றித்தான். ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால், நாம் முதலில் சொன்னது போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஒன்று இறங்கிவிடுவோம், ‘ஒருவேளை எனக்குத்தான் தப்பாகக் கேட்டதோ’ என்று. அல்லது ஏறிவிடுவோம், கையில் இருப்பதையெல்லாம் அள்ளி வீசுவோம். எனக்கு இரண்டாவதுதான் வந்தது. மூச்சு வாங்கிய இடம், பெயரை இழுத்த இடம், என் சொல்லை அவள் எடுத்தது, மூப்பு, வரம், உழைப்பு எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் நான் சொன்ன உண்மையும் பொறாமைக் கணக்கில் சேர்ந்திருக்கும். கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

விழுங்கினேன். அதையே சொன்னேன்.

“இரண்டாம் அதிகாரத்துல ஒரு துண்டு போயிட்டு. இப்படியே கொடுக்கக் கூடாது, ஐயா.”

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள், கையில் எல்லோருக்கும் மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு. அறையின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, “என்னக்கா?” என்றாள். நான் போனை நீட்டினேன். நின்றபடியே காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். அவள் உதடு கூடவே முணுமுணுத்தது. ஓர் இடத்தில் முணுமுணுப்பு நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நான் எத்தனையோ நாள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

தலைவர் கேட்டார்: “நீங்க சொல்லுங்கம்மா. பெரிய தப்பா? இல்ல டீச்சர்…” என்று இழுத்தார்.

“அக்கா பொறாமையிலதான் கேட்டிருக்காங்க” என்றாள் அவள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

“பொறாமை இல்லாதவங்க யாரு இத ரெண்டாந்தரம் கேட்டா? நீங்க கேட்டீங்களா? இவங்க கேட்டாங்களா? நானே ஒரு தடவ கேட்டுட்டுக் கெளம்பிட்டேன். எழுத்து எனக்கு மனப்பாடம், இல்லாதத என் மனசே நிரப்பிக்கிட்டு. துண்டு போயிருக்கு ஐயா. தப்பு என்னோடது. இப்படியே குடுத்தா அரசரு கிறுக்கன் மாதிரி இருப்பாரு. நான் குடுக்க மாட்டேன்.”

அவள் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் வந்து கேட்டுவிட்டு, கொஞ்சங்கூடக் கலங்காமல் சொன்னார்: “ஒரே பேச்ச ஒருத்தன் ரெண்டு தடவ பேசுனா மொதப் பேச்சு தப்புன்னுலா அர்த்தம்? நீங்கதான அப்படி வழக்கம் வச்சிய.” அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முதலில் வெட்டிய துண்டை அவர் அழித்துவிட்டிருந்தார், அதனால் அந்தப் பகுதியை மறுபடி வாசித்தே ஆக வேண்டும். வாசிப்பவரைக் கூப்பிட்டோம். அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

வேறு வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தார். வாசிக்கும்முன் அவள் காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, ‘இரண்டாம் முறை’ய நீங்க வச்ச எடத்துலயே வச்சிருங்க. கேக்கவங்களுக்கு வேணுமோ இல்லையோ, வெட்டுதவங்களுக்கு வேணும்.”

நான் எழுதினேன். கூட்டத்தில் போராடியும் எனக்குக் கிடைக்காத சொல்லை, ஒரு நிமிடத்தில் பேனாவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஞாயிறு மாலை கீழவைப்பாரில், கோயில் முன்னால் பந்தல் போட்டு வெளியீடு நடந்தது. பெரியவர்கள் பேசி முடித்ததும் இரண்டாம் அதிகாரத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினோம். ஞானிகள் வாழ்த்தினார்கள். ராஜா மிரட்டினான். ‘இரண்டாம் முறை அவர்கள் சொன்னது’ என்று வந்தது. மிரட்டல் வரை எப்படியோ தாங்கிய அந்த ஜலதோஷக் குரல், இங்கே மூக்கடைத்து, தொண்டை கம்மி, பாதி உடைந்து, ராஜா கனவைச் சொல்லட்டும் என்றது.

எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “ஏளா, பயத்துல அவனுக்குத் தொண்ட அடைச்சிட்டு பாரேன். ஆனாலும் மாத்திச் சொல்லல பாத்தியா.”

இத்தனை ஆண்டுகளில் ஒரு விளக்க உரையும் எனக்கு அதை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் காய்வதற்குள், மேடையில் விருந்தினர் ஒருவர் எழுந்து, அந்தக் குரலை அப்படி உடையவைத்தது எப்பேர்ப்பட்ட யோசனை என்று அவளைப் பாராட்டத் தொடங்கினார். ஜலதோஷத்துக்குப் பொன்னாடை! எனக்கு நெஞ்சு காந்தியது.

அவள் மைக்கை வாங்கினாள். குரல் யோசனையைப் பற்றிச் சிரித்து மழுப்பிவிட்டு, “இந்தப் பகுதியில எவ்வளவு பெரிய தப்ப நான் விட்டுட்டேன்னு உங்களுக்குத் தெரியாது” என்று தொடங்கி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தான் ஒரு தடவை கேட்டு ஏமாந்ததையும், அக்கா இரண்டாவது தடவை கேட்டதையும் சொன்னாள். பொறாமையை மட்டும் சொல்லவில்லை. என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். ஊரே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. தப்பைக் கண்டுபிடித்த எனக்கு அரை நிமிடக் கைதட்டல். தப்பை ஒப்புக்கொண்ட அவளுக்கு, அவள் உட்காரும்வரை கைதட்டல். மறுநாள் தலைவர் பொறுப்பாளர் இடத்தை அவளுக்கு அறிவித்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவள் பிடுங்கிக்கொண்டிருந்தால், திட்டித் தீர்த்து என்றைக்கோ மறந்திருப்பேன்.

அறிவிப்பு முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, அடுத்து எஸ்றா. அதுலயும் அரமேயம் இருக்கு. நான் முடிச்சத நீங்க கேக்கணும்.”

“உன்னப் பாராட்டுதவங்க இங்கன நெறைய பேரு இருக்காங்களே. அவங்களக் கேக்கச் சொல்லு.”

“அவங்க கேட்டா நல்லாத்தான் இருக்கும்பாங்க. என்னப் பிடிக்காத காது ஒண்ணு எனக்கு வேணும்க்கா.”

“தப்பு கிடைச்சா விட மாட்டேன்.”

“அதுக்குத்தான கேக்கேன்.”

ஓய்வு பெறும் நாள் வரை, அவள் முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று, வரி வரியாகக் கேட்டேன். அப்படி ஒரு பிழை மறுபடியும் கிடைக்கவே இல்லை. அந்த ஆற்றாமையோடுதான் ஓய்வு பெற்றேன்.